ஏறின நாள் ஒண்ணு

மேக்காலத் தோட்டம்,
காங்கேயம் வழி.
12.7.2025

ஹாரிகா மேடம் அவர்களுக்குங்க,

சென்னியம்மாள் எழுதுகிறேனுங்க. உங்கள் போன் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் குரலைக் கேட்டால் வாய்க்கு வந்ததைப் பேசிப்போடுவேன். அதனால்தான் எழுத்து.

நேற்று, பட்டுப்பூச்சி முட்டை எடுத்து விற்கிற வித்தகத்து ரம்ஷா மேடம் வரச்சொல்லியிருந்தார். விதைக்கூடு கொடுக்கிறவர்கள் பட்டியல் சுவரில் ஒட்டியிருந்தது. மேலிருந்து கீழே ரெண்டு தரம் படித்தேன். என் பெயர் இல்லை. "ஏனுங்க மேடம், எம்பேரு விட்டுப்போச்சுங்களா?" என்று கேட்டேன். "விட்டுப்போகலீங்க, எடுத்தாச்சு" என்று ஒரு காகிதத்தை நீட்டினார். நீங்கள் காலேஜிலிருந்து அனுப்பின அறிக்கை. சென்னியம்மாள் கொடுத்த நூறு பட்டுக்கூட்டில் முப்பத்தொன்றில் புழு உள்ளேயே செத்துக் கிடக்கிறது என்று அதில் இருந்தது. அடியில் உங்கள் கையெழுத்து. போன மாசம் மிச்சக் கூட்டையும் வித்தகம் எடுக்காமல் விட்டது இதனால்தானாம், எல்லாம் நூலுக்குப் போய்விட்டது.

நூலுக்குப் போகிற கூட்டைக் கொதிக்கிற தண்ணீரில் போடுவார்கள். உள்ளே செத்திருந்தால் என்ன, பிழைத்திருந்தால் என்ன. விதைக்கூடு அப்படியாங்க? உள்ளே உசுரு இருக்கவேண்டும், பூச்சி வெளியே வந்து முட்டை வைக்கவேண்டும். அந்த முட்டையை வாங்கித்தான் சுத்துப்பட்டு முழுக்கப் புழு வளர்க்கிறார்கள். புகையிலைக் காட்டை அழித்து நான் மல்பெரி வைத்தபோது, "புழு மேய்க்கப் போறாளாமா" என்று சிரித்தவர்கள், இன்றைக்கு யாராவது வழி கேட்டால் "விதைக்கூட்டுக்காரி ஊடுங்களா, அந்தாண்ட போங்க" என்று கை காட்டுகிறார்கள். அந்தப் பெயர் வர எட்டு வருசம் ஆயிற்று. நீங்கள் ஒரே காகிதத்தில் எடுத்துப்போட்டீர்கள்.

ரெண்டு வருசமாக ஆராய்ச்சிக்குக் கூடு வாங்க வந்து என் ஊட்டில் கை நனைத்தவர் நீங்கள். "அக்கா, இத்தனை செத்திருக்குதே, என்னாச்சு?" என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

கூட்டைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தே உள்ளே இருப்பது உசுரா பொணமா என்று சொல்கிறவள் நான். என் கூட்டில் சாவு இல்லை. கூட்டைக் கிழிக்காமல் உள்ளே பார்க்கிற உங்கள் மிசின்தான் பொய் சொல்கிறது.

நீங்கள் கூடு அடுக்கி அனுப்பக் கொடுத்த கோழிமுட்டை அட்டைகள் நாலும் பஸ்ஸில் திரும்பி வரும். இனி என் தோட்டத்துக் கூடு உங்களுக்கு வராதுங்க.

இப்படிக்கு,
சென்னியம்மாள்


கோவை
18.7.2025

அன்புள்ள அக்கா,

'மேடம்' என்று எழுதியிருக்கிறீர்கள். மரியாதை கூடினால் நீங்கள் கொதித்துப்போயிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அது எனக்குத் தெரியாதா?

உங்களிடம் கேட்காமல் அறிக்கை அனுப்பியது தப்பு. மன்னித்துவிடுங்கள். ஆனால் மிஷின் பொய் சொல்கிறது என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. நாலு வருடம் இருட்டறையில் உட்கார்ந்து கட்டியது அது.

நீங்கள் ஒருமுறை கேட்டீர்கள், கூட்டைக் கிழிக்காமல் உள்ளே எப்படிப் பார்க்கிறாய் என்று. அப்போது அவசரத்தில் ஏதோ சொல்லி மழுப்பினேன். இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன். பாத்ரூம் ஜன்னலில் சொரசொரப்பான கண்ணாடி போட்டிருப்பார்கள். அந்தப் பக்கம் ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. வெளிச்சம் உள்ளே வராமல் இல்லை, வருகிறது. ஆனால் கண்ணாடி அதைக் கண்டபக்கம் சிதறடித்துவிடுகிறது. பட்டுக்கூடும் அப்படித்தான். ஒரு பக்கம் லேசர் ஒளியை விட்டால் மறுபக்கம் கேமராவில் வெறும் புள்ளிகள்தான் விழும், ஆயிரக்கணக்கில். ஆனால் அந்தப் புள்ளிகள் சும்மா இறைந்தவை அல்ல. உள்ளே இருப்பதன் உருவம் அவற்றுக்குள் கலைந்து கிடக்கிறது. ஒளியைக் கொஞ்சம் சாய்த்தால் புள்ளிகள் எல்லாம் சேர்ந்து நகரும். எது எதோடு சேர்ந்து நகர்கிறது என்று கணக்குப் போட்டு, கலைந்ததைக் கம்ப்யூட்டர் திரும்ப அடுக்குகிறது. அப்போது கூட்டுப்புழு தெரியும். செத்து அழுகியிருந்தால் கறுப்பாகக் கசிவு தெரியும்.

அந்த முப்பத்தொன்றையும் பிறகு பிளேடால் வெட்டியும் பார்த்தேன். முப்பத்தொன்றும் செத்துத்தான் கிடந்தன. மற்ற அறுபத்தொன்பதும் உயிரோடு இருந்தன. ஒன்றுகூடப் பிசகவில்லை. இந்த முடிவை வைத்துத்தான் கட்டுரை எழுதி அனுப்பியிருக்கிறேன். செப்டம்பரில் ஆய்வேட்டைக் கொடுக்கவேண்டும். என் நிலைமையையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

நோய் வந்திருக்கலாம். புழுமேல் ஈ முட்டை வைத்திருக்கலாம். கோபப்படாமல் ஷெட்டை ஒருமுறை பாருங்கள் அக்கா.

அன்புடன்,
ஹாரிகா


மேக்காலத் தோட்டம்
24.7.2025

ஹாரிகா மேடத்துக்கு,

ஷெட்டைப் பார்க்கச் சொல்லிவிட்டீர்கள். சரிங்க, பார்த்தேன். இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள்.

உங்களுக்கு நூறு அனுப்பினேன் அல்லவா, அதே தட்டில் இருந்து இன்னொரு நூறு எடுத்து மாட்டுக்கொட்டகைப் பக்கத்து அறையில் வைத்திருந்தேன். அதே தழை தின்ற புழு, ஒரே நாள் கூடு கட்ட ஏறின புழு. எட்டாம் நாள் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தேன். நல்ல சத்தம். ஜூலை ஒண்ணாந்தேதி காலையில் கதவைத் திறக்கிறேன், சுவரெல்லாம் பூச்சி. நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு வந்தது. எங்க ஊட்டுக்காரர் காளிச்சாமியும் பக்கத்தில் நின்று எண்ணினார். நோய் வந்திருந்தால் இது எப்படி வரும்? ஈ வந்திருந்தால் அங்கே முப்பத்தொண்ணு, இங்கே ரெண்டா?

நீங்கள் வெட்டிப் பார்த்தது பொய் என்று சொல்லமாட்டேன். போன கடிதத்தில் மிசினைத் திட்டினேனே தவிர, நீங்கள் பொய் சொல்கிற புள்ளை இல்லை என்பது எனக்குத் தெரியும். அப்படியென்றால் இங்கே உசுரோடு பஸ் ஏறினது அங்கே எப்படிங்க பொணமாச்சு? படித்தவர்தானே நீங்கள். கண்டுபிடியுங்கள். கண்டுபிடிக்கிற வரைக்கும் எனக்கு எழுதவேண்டாம்.

சென்னியம்மாள்


கோவை
5.8.2025

அன்புள்ள அக்கா,

கண்டுபிடித்துவிட்டேன். தப்பு என்னுடையது. முழுக்க முழுக்க என்னுடையது. முதலில் இதைப் படித்துவிட்டு மற்றதைப் படியுங்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்றே அந்த முப்பத்தொன்றின் படங்களையும் திரும்ப எடுத்தேன். முன்பு உயிரா சாவா என்று மட்டும் பார்த்தேன். இந்த முறை, உடம்பில் எந்த இடத்தில் அடி என்று பார்த்தேன். ஒவ்வொரு கூட்டின் மேல்பக்கமும் நீல மையில் ஒரு புள்ளி வைக்கச் சொல்லியிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? கசிவு முப்பத்தொன்றிலும் அந்தப் புள்ளிக்கு நேர் எதிர்ப்பக்கம்தான் இருந்தது. அதாவது அடிப்பக்கம். நோய் என்றால் எங்கே வேண்டுமானாலும் வரும். எல்லாவற்றுக்கும் அடிவயிற்றில் மட்டும் எப்படி வரும்? முட்டை அட்டையில் படுத்திருந்தபோதுதான் அடிபட்டிருக்கிறது. பஸ்ஸில்.

ஆனால் அதற்கு முன்னாலும் கூடு அதே பஸ்ஸில்தான் வந்தது, அதே கண்டக்டர் சிக்கந்தர் அண்ணன்தான் சிங்காநல்லூரில் இறக்கிக் கொடுத்தார். அப்போதெல்லாம் சாகவில்லை. இதில் மட்டும் என்ன என்று இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். பிறகு பெட்டி மூடியை எடுத்துப் பார்த்தேன். உங்கள் கையெழுத்தில் 'ஆறாம் நாள்' என்று எழுதியிருந்தது. நான் கேட்டதும் ஆறாம் நாள்தான். படம் எடுத்த தேதி ஜூன் இருபத்தொன்று. புழு ஏறியது ஜூன் பதினாறு. விரல்விட்டு எண்ணினேன். என் கணக்கில் ஐந்துதான் வந்தது.

என் நோட்டில் ஆறாம் நாள் என்பது ஜூன் இருபத்திரண்டு. ஏனென்றால் புழு ஏறின நாளை நான் பூஜ்ஜியம் என்று போட்டிருந்தேன். கம்ப்யூட்டரில் எல்லாம் பூஜ்ஜியத்தில்தான் தொடங்கும், அந்தப் பழக்கம். நீங்கள் ஏறின நாளை ஒண்ணு என்று எண்ணுகிறீர்கள். உலகத்தில் எல்லோரும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். எங்கள் வீட்டில் தெலுங்குதான் பேசுவோம், ஆனால் பதினாறாம் நாள் காரியம் என்றால் அங்கேயும் உயிர் போன நாளைச் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். என் ஆறாம் நாள் உங்களுக்கு ஏழாம் நாள். முன்பெல்லாம் "பதமானதும் அனுப்புங்க" என்று சொல்வேன், நீங்கள் பார்த்து அனுப்புவீர்கள். இந்த முறைதான் பெரிய விஞ்ஞானி மாதிரி நாள் குறித்துக் கொடுத்தேன். ஒரு நாள் முந்திவிட்டது. தோல் இறுகாத பச்சைப் புழுவைப் பல்லடம் ரோட்டில் குலுக்கிக் கொன்றிருக்கிறேன்.

அதைவிட ஒன்று இருக்கிறது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அன்று காலையில் நீங்கள் போன் பண்ணினீர்கள். "கண்ணு, பதம் பத்தாது போல இருக்குது, நாளைக்கு அனுப்பட்டுமா?" என்று கேட்டீர்கள். "இல்லக்கா, ஆறாம் நாளே வேணும், ஒரு நாள் தள்ளினாலும் கணக்குக் கெட்டுரும்" என்று சொன்னேன். கணக்கு கெட்டதே அங்கேதான்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். வழிகாட்டி பாலகோபால் சாருக்குக் கோபம். "செத்ததைச் செத்ததுன்னுதானே மிஷின் சொல்லுச்சு, அப்புறம் எதுக்கு வாபஸ்?" என்றார். 'வளர்ப்பில் நோய்' என்று அதில் எழுதியிருக்கிறேன் சார், அது பொய், உள்ளே பொய் இருக்கிற கட்டுரையில் என் பெயர் இருக்கவேண்டாம் என்று சொன்னேன். ஆய்வேடு அடுத்த வருடத்துக்குப் போகிறது. போகட்டும்.

ரம்ஷா மேடத்திடம் நேரில் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். படித்தார். "கடுதாசி வச்சு எடுத்த பேரைக் கடுதாசி வச்சே சேத்த முடியாதுங்க. அடுத்த பேட்ச்ல கூட்டைக் காட்டுங்க, என் முன்னாடி" என்றார். எனவே அடுத்த பேட்ச் வேண்டும் அக்கா. அறுபது கூடு போதும். உங்கள் பெயர் அந்தச் சுவருக்குத் திரும்பப் போகிற வரைக்கும் நான் விடமாட்டேன். நீங்கள் திட்டினாலும் விடமாட்டேன்.

ஹாரிகா


மேக்காலத் தோட்டம்
12.8.2025

ஹாரிகாவுக்கு,

படித்தேன். ஊட்டுக்காரருக்கும் படித்துக் காட்டினேன். "பூஜ்ஜியத்துல இருந்தா எண்ணுவாங்க? அப்ப முதப் பொண்டாட்டி பூஜ்ஜியமா?" என்று கேட்டுவிட்டு அரைமணி நேரம் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தப்பு முழுக்க உன்னுடையது என்று எழுதியிருக்கிறாய். அது பொய். பதம் பத்தாது என்று எனக்குத் தெரியும். கையில் எடுத்தாலே தெரியும். நீ ஒரு தரம் வேண்டாம் என்றதும் வாயை மூடிக்கொண்டு அடுக்கி அனுப்பினேனே, அது யார் தப்பு? இந்த ஊரில் எவன் பேச்சையும் கேட்காமல் மல்பெரி வைத்தவள், காலேஜுப் புள்ளை சொன்னதும் சரி என்றுவிட்டேன். உன்மேல் வந்த கோபத்தில் பாதி என்மேல் வந்ததுதான்.

அடுத்த பேட்ச் வைக்கிறேன். ஆனால் மூன்று பேச்சு பேசிக்கொள்ளவேண்டும். கூடு இனிப் பஸ் ஏறாது, உன் மிசின்தான் இங்கே வரவேண்டும். ரம்ஷா மேடம் பக்கத்தில் இருக்கவேண்டும். நீ மிசினில் பார்ப்பதற்கு முன்னால் நான் காதில் வைத்துப் பார்த்து எழுதி மூடிவைப்பேன். ரெண்டு காகிதத்தையும் ஒன்றாகத்தான் பிரிக்கவேண்டும். நான் விதைக்கூட்டுக்காரியா இல்லையா என்பதை மிசின் தனியாகச் சொல்லி நான் கேட்டுக்கொள்ளமாட்டேன்.

சென்னியம்மாள்


கோவை
17.8.2025

அன்புள்ள அக்கா,

'மேடம்' போய்விட்டது. அதுவே போதும்.

மூன்றுக்கும் சரி. மிஷினைக் கொண்டுவருவதுதான் பாடு. இங்கே அது அரை டன் மேஜைமேல் இருக்கிறது. பக்கத்தில் யாராவது கதவைச் சாத்தினாலே புள்ளிகள் ஆடிப்போகும். சின்னதாக ஒன்று புதிதாகக் கட்ட ஆரம்பித்துவிட்டேன். நீங்கள் மூன்று பொருள் தயார் பண்ணவேண்டும்: ஒரு கடப்பாக்கல், மூன்றடிக்கு இரண்டடி. ஸ்கூட்டர் டியூப் மூன்று, பாதிக் காற்றோடு. வெளிச்சம் புகாத அறை. டியூப்மேல் கல்லை வைத்து, கல்மேல் மிஷினை வைத்தால் தரை அதிர்வு மேலே ஏறாது. மாட்டுக்கொட்டகைப் பக்கத்து அறையே போதும். மாட்டை மட்டும் அன்றைக்கு வேறு இடத்தில் கட்டச் சொல்லுங்கள்.

பாலகோபால் சார் இன்னும் முகம்கொடுத்துப் பேசவில்லை. ஆனால் லேசரை எடுத்துப்போகக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஹாரிகா


மேக்காலத் தோட்டம்
11.9.2025, வியாழன்

ஹாரிகாவுக்கு,

சிக்கந்தர் கையில் கொடுத்தனுப்புகிறேன். இன்று காலையில் புழு ஏறிவிட்டது. இன்றைக்கு ஒண்ணு. ஏழாம் நாள் புதன்கிழமை. கேலண்டரில் சுழித்துப்போட்டேன், நீயும் சுழித்துப்போடு. டியூப் மூணும் கல்லும் தயார். மாட்டுக்கும் சொல்லியாயிற்று.

சென்னியம்மாள்


கோவை
20.9.2025

அன்புள்ள அக்கா,

புதன்கிழமை முழுக்க உங்கள் முன்னால்தான் இருந்தேன். இலை போட்டீர்கள், ரசம் ஊற்றினீர்கள், ஆனால் சாயங்காலம் கிளம்பும்வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

சொன்னபடி இரண்டு காகிதங்களையும் ஒன்றாகப் பிரித்தோம். மிஷின் அறுபதில் ஐம்பத்தெட்டு உயிர், இரண்டு சாவு என்றது. உங்கள் காகிதத்தில் ஐம்பத்தேழு உயிர், மூன்று சாவு. ரம்ஷா மேடம் ஒவ்வொன்றாக வெட்டினார். நாம் இருவரும் சாவு என்று எழுதிய அந்த இரண்டும் செத்துத்தான் இருந்தன. ஐம்பத்தேழும் தொட்டதும் நெளிந்தன. மிச்சம் அந்த நாற்பத்துமூன்றாம் நம்பர். நீங்கள் சாவு என்றீர்கள், மிஷின் உயிர் என்றது. வெட்டித் திறந்தும் தெரியவில்லை. நிறம் நல்ல நிறம். தொட்டால் அசையவில்லை. "இது என்னங்க, இருக்குதா இல்லையா?" என்று மேடம் கேட்டார். நீங்கள் "இல்லைங்க" என்றீர்கள். நான் "இருக்குங்க" என்றேன். மேடம் 'சந்தேகம்' என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினார். நீங்கள் அதைப் பஞ்சில் சுற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போனீர்கள். அப்புறம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த ஒன்றால் எதுவும் மாறாது. இரண்டு செத்தாலும் மூன்று செத்தாலும் விதைக்கூட்டுக்கு நல்ல தரம்தான். பட்டியலில் பெயர் வரும் என்று மேடம் போனில் உறுதியாகச் சொன்னார். நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். பிறகு ஏன் அக்கா?

அந்த ஒன்றில் நான் தப்பாகவும் இருக்கலாம். ஒன்றுதானே என்று விட்டுவிடுங்கள்.

ஹாரிகா


மேக்காலத் தோட்டம்
28.9.2025

ஹாரிகா கண்ணு,

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனாலும் இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது, எழுதித்தான் ஆகவேண்டும்.

வெள்ளிக்கிழமை வித்தகத்துக்குப் போனேன். சுவரில் புதுப் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். நாலாவது பெயர் என்னுடையது. சென்னியம்மாள், மேக்காலத் தோட்டம். விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன். ரம்ஷா மேடம் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்துப்போட்டார். எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது, வெயில் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்குச் சாயங்காலம் கடைவீதியில் எவரோ வழி கேட்க, "விதைக்கூட்டுக்காரி ஊடுதானுங்களே?" என்று ஒருத்தர் கை காட்டினார். காதாரக் கேட்டேன்.

அன்று உன்னிடம் ஏன் பேசவில்லை என்று கேட்டாய். ஊரே என்னைக் கைவிட்டபோதும் என் காது ஒன்றைத்தான் நம்பி நின்றேன், கண்ணு. அந்த நாற்பத்துமூணை மூணு தரம் ஆட்டினேன். மூணு தரமும் சத்தம் இல்லை. சாவு என்று எழுதினேன். நீ "இருக்குங்க" என்றபோது, ஒரு டப்பா வெளிச்சத்தை வைத்துக்கொண்டு இந்தப் புள்ளை என் காதை இல்லை என்கிறாளே என்று எரிந்துவிட்டது. அதற்குமேல் பேசியிருந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும். அதனால் ரசத்தை ஊற்றினேன்.

பஞ்சில் சுற்றி எடுத்துப்போனேன் அல்லவா, அதை அரிசி டப்பா மூடியில் வைத்து அடுக்களை அலமாரியில் வைத்திருந்தேன். தினம் பார்த்தேன். கல் மாதிரி கிடந்தது. ஒருநாள் சாணிக்குழியில் எறிந்துவிடலாம் என்றுகூடக் கையில் எடுத்தேன். ஊட்டுக்காரர்தான் "இருக்கட்டும் உடு, சோறா கேக்குது?" என்றார்.

வெள்ளிக்கிழமை வித்தகத்தில் இருந்து வந்து அடுக்களைக்குள் போகிறேன், மூடியில் பூச்சி. வெள்ளைவெளேர் என்று, ஈர இறக்கையை விரித்துக்கொண்டு. பொட்டை.

அடுக்களையில் அப்போது யாரும் இல்லை. ரம்ஷா மேடம் 'சந்தேகம்' என்று எழுதி மூடிவிட்டார். நீயே "விட்டுவிடுங்கள்" என்று எழுதிவிட்டாய். நான் வாயைத் திறக்காவிட்டால் எவருக்கும் தெரியப்போவதில்லை. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், பொய் சொல்லமாட்டேன். அப்புறம் உன் ஆகஸ்டு மாசக் கடிதம் ஞாபகம் வந்தது. அந்தப் பூஜ்ஜியத்தை நீ சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? கட்டுரையும் போய், ஒரு வருசமும் போகும் என்று தெரிந்துதானே சொன்னாய்.

அதனால் எழுதிக்கொள். உன் நோட்டில் நாற்பத்துமூணுக்கு நேராகச் 'சந்தேகம்' என்பதை அடித்துவிட்டு 'உயிர்' என்று எழுது. மிசின் அறுபதுக்கு அறுபது, சென்னியம்மாள் காது அறுபதுக்கு ஐம்பத்தொன்பது. ரம்ஷா மேடத்துக்கும் நானே எழுதிப்போட்டுவிட்டேன். கட்டுரையைத் திரும்ப அனுப்பும்போது இதையும் சேர்த்து அனுப்பு. என் பெயரையும் போடு, தோத்தவள் என்று போட்டாலும் பரவாயில்லை.

ஷெட்டில் மிச்சக் கூட்டில் இருந்து வந்த ஒரு ஆண்பூச்சியைப் பிடித்துவந்து ஜோடி சேர்த்துவிட்டேன். காகிதம் விரித்துவைத்தேன், நேற்றுச் சனிக்கிழமை முட்டை வைத்துவிட்டது. கடுகு கொட்டின மாதிரி, நானூறுக்குக் குறையாது. அதை வித்தகத்துக்குக் கொடுக்கப்போவதில்லை. அது உன்னுடைய முட்டை. என் ஷெட்டில் தனித் தட்டில் வளர்த்துத் தருகிறேன், அந்தக் கூட்டை வைத்து ஆய்வேட்டை முடி.

முட்டை வைத்த சனிக்கிழமை ஒண்ணு. பத்தாம் நாள் காலையில் பொரியும். பொரிகிறதை நீ பார்த்ததே இல்லை, முந்தின நாளே வந்து தங்கிக்கொள். என்ன தேதி என்று நான் எழுதமாட்டேன். நீயே எண்ணிக்கொண்டு வா.

அக்கா